வழிநூலும் பட்டுநூலும்

"சுயமாகச் சிந்தியுங்கள், பிறரைப் பார்த்துச் செய்யாதீர்கள்" என்னும் உபதேசம் இந்நாளில் எங்கும் கேட்கப்படுகிறது. கல்லூரியில் ஆசிரியர் மாணவருக்குச் சொல்லுகிறார்; மேடையில் பிரசங்கியார் இளைஞருக்குச் சொல்லுகிறார். அவ்விருவரும் அந்த உபதேசத்தை வேறொருவரிடமிருந்து கேட்டே சொல்லுகின்றனர் என்பதை மட்டும் எவரும் கவனிப்பதில்லை.

நம் தேசபக்தருள் ஒரு சாரார் இருக்கின்றனர். நமது கலை, நமது தொழில், நமது நூல்கள் யாவும் எவரிடமும் கைநீட்டாது தாமாகவே முளைத்தவை என்று சாதிப்பது அவர்களுக்குப் பெருமை. ஆங்கிலம் கற்றோருள் மற்றொரு சாரார், இது வடக்கிலிருந்து வந்தது, அது மேற்கிலிருந்து வந்தது என்று காட்டிவிட்டால் பெரிய உண்மையைக் கண்டுவிட்டதாக மகிழ்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நடக்கும் சண்டையைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். சண்டையிடுவோர் இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கின்றனர். கடன் வாங்குவது இழிவு என்பதே அது. நாம் அவ்வபிப்பிராயத்தை ஏற்கவில்லை.

இது பண்டிதர்களின் விவாதமாக மட்டும் இருந்தால் பத்திரிகையின் இடத்தை இதற்குச் செலவிட மாட்டோம். காஞ்சிபுரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பங்களின் சோறு இதில் அடங்கியிருப்பதாலேயே எழுதத் துணிந்தோம்.

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்தில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அறுபதைக் கடந்த பெரியவர். அண்மையில் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது அவர் வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்தோம். அவர் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "ஐயா, தாங்கள் சட்டம் படித்தவர்கள். வரதராசர் கோயில் தூணில் இருக்கிற யாளி யாருடைய சொத்து?" என்று கேட்டார். நாம் சட்டப் புத்தகத்தில் உள்ளபடி ஏதோ சொல்லத் தொடங்கினோம். அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தமது வரலாற்றைச் சொன்னார். கோயில் தூணிலிருந்து அவருடைய தந்தை பார்த்து எழுதிவைத்த யாளி ஒன்றையும், பழைய சேலையொன்றில் கண்ட அன்னத்தையும் எடுத்து, ஒன்றன் வால் மற்றொன்றன் சிறகோடு இழையும்படி புதிதாக ஒரு கரையை அமைத்து அவர் நெய்தாராம். சேலை விலைபோயிற்று. யாரோ அதைக் கைபேசியிற் படம் பிடித்தனர். சில வாரங்களில் அதே கரை, வேறோர் ஊரில் விசைத்தறியில் ஓடிய மலிந்த துணியில் ஏறி, "காஞ்சிப் பட்டு" என்னும் பெயரோடு கடைக்கு வந்துவிட்டது. அவர் சேலைக்குப் பல நாள் உழைப்பு; அந்தத் துணிக்குச் சில மணி நேரம். "நான் யாளியை எடுத்தேன், அவன் என்னிடமிருந்து எடுத்தான். நான் செய்தது சரி, அவன் செய்தது தவறு என்று எந்த வாயால் சொல்வது?" என்று அவர் கேட்டார். அன்று அவருக்குத் தக்க விடை சொல்ல நம்மால் இயலவில்லை. ஊர் திரும்பிய பிறகு எண்ணிப் பார்த்ததையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் அவர் கையிலிருந்த சேலையையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிப் பட்டைப் போலக் காஞ்சிக்கு உரியது வேறொன்றில்லை என்று நாம் அனைவரும் நினைக்கிறோம். ஆனால் காஞ்சியில் பட்டுப்புழு வளர்த்து நூலெடுப்பதே அந்நகரின் தொழிலாக என்றும் இருந்ததில்லை. நூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகிறது. மைசூர் நாட்டில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் தொழிலை 18-ஆம் நூற்றாண்டில் ஊக்கி வளர்த்தவர் திப்பு சுல்தான். அதற்கு வேண்டிய அறிவை அவர் வங்காளத்திலிருந்து தருவித்தார். பட்டின் ஆதி வீடோ சீனம். வடமொழியில் பட்டாடைக்கு வழங்கிய பெயரிலேயே சீனம் இருக்கிறது. சரிகை சூரத்திலிருந்து நெடுங்காலமாக வருகிறது. நெய்வோரில் செங்குந்தர் தமிழ் பேசுவோர். தேவாங்கரும் பத்மசாலியரும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகக் கொண்டு வந்தவர்கள். தறியின் மேலே ஏறியிருக்கிறதே துளையிட்ட அட்டைகள் கோத்த பெட்டி, அது பிரான்சு தேசத்து லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் உருவாக்கியது. அவர் பெயரே இன்றும் நம் நெசவாளர் வாயில் "ஜக்கார்டு" என்று வழங்குகிறது.

அந்த ஜக்கார்டும் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் அல்லர். 1725-இல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியிற் பொருத்தினார். சில ஆண்டுகளில் பால்கோன் என்பவர் காகிதத்தை அட்டைகளாக்கினார். 1745-இல் வோகான்சோன் என்பவர் அதை உதவியாளின்றி ஓடும்படி செய்ய முயன்றார். இம்மூவருடைய வேலையையும் ஒன்றுசேர்த்து, ஏழை நெசவாளன் வீட்டிலும் ஓடக்கூடிய கருவியாக்கியதே ஜக்கார்டின் பெருமை. அவருடைய அட்டையைக் கண்டு, எண்களைக் கணக்கிடும் யந்திரத்துக்கு அதைக் கடன் கொண்டார் இங்கிலாந்தின் பாபேஜ். இன்று உலகத்தை ஆளும் கணிப்பொறியின் பாட்டன்மாரில் ஒருவர் பட்டுத்தறியின் வீட்டில் பிறந்தவர் என்று சொல்லலாம். பிள்ளையார்பாளையத்துச் சேலையைப் படம்பிடித்துத் திருடிய கைபேசியும் அக்குலத்ததே!

நூல் கருநாடகத்தது, சரிகை சூரத்தினது, கருவி பிரான்சினது, யாளியும் அன்னமும் கோயிற் சிற்பிகளுடையவை. அப்படியானால் காஞ்சி நெசவாளருடையது யாது? தறிக்கு முன் அரைமணி நேரம் நின்று பார்த்தவர்க்கு இக்கேள்வி எழாது. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். ஒரே நாடா இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடினால் உடலின் ஊடை கரைக்குள்ளும் புகுந்து நிறத்தைக் கெடுத்துவிடும். ஆகவே மூன்று நாடாக்கள் வேண்டும்: நடுவுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நடு நாடா கரையின் விளிம்பை அடைந்ததும், கரை நாடாவின் இழையைக் கோத்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒவ்வோர் ஊடையிலும் இது நடக்க வேண்டும். ஓரிழை பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். தறியில் அமர்ந்தவர் ஒருவரால் இது ஆகாது; பக்கத்தில் மற்றொருவர் அமர்ந்து அக்கரை நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோ அவ்விடத்தில் இருப்பர். இதற்குக் கோர்வை என்று பெயர். கரையும் உடலும் பல்லும் பல்லுமாகக் கோத்துக்கொள்ளும் அவ்விடத்தில் எழும் முக்கோண வரிசையே கோபுரக் கரையாகத் தெரிகிறது. சேலை நைந்தாலும் கரை பிரியாது என்று பெண்டிர் சொல்வதுண்டு. முந்தியை வேறு நிறத்திற் சேர்க்கும்போது பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு கையால் பிணைக்க வேண்டும். அதுவும் இதைப் போன்ற பொறுமைக்குரிய வேலை.

இரு நிறங்களைக் கோக்கும் வித்தை தெலுங்கு நாட்டுக் கட்வாலிலும் உண்டு. ஆனால் கனத்த முறுக்குப் பட்டில், அகன்ற சரிகைக் கரையோடு, மயில்கண்ணும் உருத்திராக்கமும் தாழம்பூ ரேக்கும் வரிசை பிசகாமல் நிற்க, காஞ்சியார் கோக்கும் கோர்வையைக் கண்டவர் அதை வேறொன்றாக மயங்கமாட்டார். எல்லாம் வெளியிலிருந்து வந்திருக்கலாம். அவை சந்தித்த இடமும், சந்திக்கச் செய்த கையும் காஞ்சியினுடையவை.

தறியை விட்டுக் கோயிலுக்குச் செல்வோம். அதே ஊரில், மேற்கே, வயல்வெளிக்கருகில் நிற்கிறது கைலாசநாதர் கோயில். பல்லவ ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் எடுப்பித்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் அவன் முன்னோன் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் எடுத்ததாகக் கல்லிற் பொறித்துப் பெருமைப்பட்டுக்கொண்டான். தன்னை விசித்திரசித்தன் என்று அழைத்துக்கொண்டவன் அவன். ஆயினும் மலையைக் குடைந்து கோயிலாக்கும் வித்தை தக்காணத்தில் அவனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்ததுதான். அவன் அதைத் தொண்டை மண்டலத்துக் கருங்கல்லின்மேல் நடத்திக் காட்டினான். அதிலிருந்து மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்கள் வந்தன. அதிலிருந்து ராஜசிம்மனுடைய கட்டடக் கோயில் வந்தது.

இனி நடந்ததே நமக்கு வேண்டியது. பல்லவருக்கும் சளுக்கருக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. பல்லவர் வாதாபியைக் கொளுத்தியவர்கள். அதற்குப் பழிவாங்கச் சளுக்கன் இரண்டாம் விக்கிரமாதித்தன் படையோடு வந்து காஞ்சியைக் கைப்பற்றினான். வென்ற அரசன் என்ன செய்வான்? கோயில் பண்டாரத்தைச் சூறையாடுவான். இவனோ கைலாசநாதர் கோயிலுக்குள் நுழைந்து பார்த்தான். அதன் செல்வத்தைக் கண்டான். கண்டபின் அச்செல்வத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டான். அச்செய்தி அக்கோயில் மண்டபத் தூணில் கன்னடத்தில் பொறிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. பகைவன் மொழியில், பகைவனுடைய கல்வெட்டைத் தன் தூணில் தாங்கி நிற்கும் கோயில் அது.

அவன் பொன்னை விட்டுச் சென்றான், வெறுங்கையோடு செல்லவில்லை. அவனுடைய தேவி லோகமகாதேவி, காஞ்சியை வென்ற கணவன் புகழுக்கு அடையாளமாகப் பட்டடக்கல்லில் ஒரு கோயில் எடுப்பித்தாள். இன்று விரூபாக்ஷர் கோயில் எனப்படுவது அதுவே. அதைப் பார்த்தவர்க்குக் கைலாசநாதர் கோயில் நினைவுக்கு வராமற் போகாது. ஆயினும் அது நகல் அன்று. மண்டபத்தைப் பெரிதாக்கினர், சாளரங்களை அமைத்தனர், தூண்களில் இராமாயண பாரதக் கதைகளைச் செதுக்கினர். அதைக் கட்டிய தச்சன் குண்டன் என்பானுடைய பெயரும் பட்டமும் அங்கேயே கல்லில் வெட்டப்பட்டன. (இதைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.) சளுக்கருக்குப் பின் வந்த இராஷ்டிரகூடக் கிருஷ்ணன் எல்லோராவில் அதைக் கண்முன் வைத்துக்கொண்டு மலையையே மேலிருந்து கீழாக வெட்டிக் கைலாசத்தை இறக்கினான். இப்பக்கத்தில் சோழர்கள் காஞ்சிக் கோயிலைப் பெரிய திருக்கற்றளி என்று கல்வெட்டிற் போற்றினர். 1010-ஆம் ஆண்டில் தஞ்சையில் ராஜராஜன் எழுப்பிய விமானமும் அக்கற்றளி மரபில் வந்ததே.

இத்தனை பேர் எடுத்துச் சென்றபின் கைலாசநாதர் கோயிலில் ஒரு கல் குறைந்ததா? இல்லை. பொன்னை எடுத்திருந்தால் குறைந்திருக்கும். கருத்தை எடுத்ததால் தக்காணமும் வளர்ந்தது, காஞ்சியின் புகழும் வளர்ந்தது.

காஞ்சியின் கல்லுக்கு நேர்ந்ததே காஞ்சியின் சொல்லுக்கும் நேர்ந்தது. தண்டி என்னும் வடமொழிப் புலவர் பல்லவர் காலத்தில் காஞ்சியில் வாழ்ந்தவர். அவர் செய்த காவியாதர்சம் அணியிலக்கணம் கூறுவது. முன்னோர் நூல்களைத் தொகுத்தும் வழக்கினை நோக்கியும் இந்நூலைச் செய்கிறேன் என்று தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். அதைத் தழுவி 9-ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் கவிராஜமார்க்கம் எழுந்தது. சிங்களத்தில் ஒரு நூல் எழுந்தது. பின்னர்த் தமிழில் தண்டியலங்காரம் எழுந்தது. திபெத்து மொழியிலும் அது பெயர்க்கப்பட்டுப் பனிமலைக்கு அப்பாலுள்ள மடங்களில் பாடமாயிற்று. தமிழாசிரியர் வடமொழி உதாரணங்களை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. தமிழ்ப் பாட்டுகளை உதாரணமாக்கினார். தம் காலத்துச் சோழனையும் அவற்றில் அமர்த்தினார். மூலநூலாசிரியர் பெயரையோ தம் நூலுக்கே இட்டுவிட்டார். கடன் வாங்கியதை இதைவிடத் தெளிவாக யார் ஒப்புக்கொள்ள முடியும்?

அதே காஞ்சியில் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணம் பாடியதைப் பற்றி வழங்கும் கதை ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. வடமொழிப் புராணத்தைத் தமிழாக்கும் அந்நூலுக்கு முருகப்பெருமானே முதலடி எடுத்துக் கொடுத்தாராம். அரங்கேற்றத்தில் புலவரொருவர் அம்முதற் சொல்லின் புணர்ச்சிக்கு இலக்கண விதி இல்லையென்று தடுத்தாராம். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் நடந்ததாம். முருகனே அடியெடுத்துக் கொடுத்தாலும் மேற்கோள் காட்டாமல் காஞ்சியார் விடமாட்டார்கள்! நீதிமன்றத்தில் முன்தீர்ப்பைக் காட்டாமல் வாய் திறக்க முடியாத நமக்கு இக்கதையில் தனியான சுவை உண்டு.

தமிழ் இலக்கண ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் எவ்விதக் கூச்சமும் கொண்டதில்லை. தொல்காப்பியர் நூல்களை முதனூல், வழிநூல் என்று பிரித்தார். தொகுப்பது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, மொழிபெயர்ப்பது என்று வழிநூல் செய்யும் வகைகளையும் சொன்னார். நன்னூலார் சார்புநூல் என்று ஒன்றையும் சேர்த்து மூன்றாக்கினார். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துச் சென்று, பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் கூறுவதே வழிநூல் என்பது அவர் கருத்து. நன்னூலே தொல்காப்பியத்தின் வழிநூல்தான். பஞ்சை இழையாக்கும் பெண்ணின் கைவேலையை உவமையாக வைத்தே அவர் நூல் என்னும் சொல்லுக்கு விளக்கம் தந்தார். ஆகவே காஞ்சித் தறியிலிருந்து நன்னூலுக்குச் சென்றது நமது கற்பனை அன்று. வழி அவரே போட்டுவைத்தது.

ஆனால் வழிநூல் செய்வோன் மீது நம் முன்னோர் ஒரு கடமையை வைத்தனர். நூலுக்குப் பாயிரம் வேண்டும். அப்பாயிரம் எட்டுச் செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஆக்கியோன் பெயர் முதலாவது. அதற்கு அடுத்ததாக வைக்கப்பட்டது "வழி". அதாவது, இந்நூல் எதன் வழியாக வந்தது என்பது. நூற்பெயரும் நுதலிய பொருளும்கூட அதற்குப் பின்னரே வருகின்றன. எடுத்துக்கொள், மாற்று, சேர். ஆனால் எங்கிருந்து எடுத்தாய் என்பதை வாசலிலேயே சொல். நாம் அறிந்தமட்டில் பெரியவரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இதை மனத்திற் கொண்டு ஐரோப்பியர் நமக்குச் செய்ததைப் பார்த்தால் எது குற்றம், எது குற்றமன்று என்பது விளங்கும். 1742-இல் கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார், சோழமண்டலக் கரையில் துணிக்குச் சாயமேற்றி ஓவியம் தீட்டும் முறையை, மதம் மாறிய சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்து, விவரமாகத் தம் நாட்டுக்கு எழுதினார். தாம் யாரிடம் கற்றார் என்பதையும் அக்கடிதத்தில் எழுதினார். அவரை நாம் நிந்திக்க மாட்டோம். இங்கிலாந்து என்ன செய்தது? நம் அச்சுத் துணிகள் அங்கே விலைபோவதைப் பொறாமல் 1700-இலும் 1721-இலும் சட்டமியற்றித் தடுத்தது. தடுத்துக்கொண்டே அவற்றைப் போலத் தன் ஊரில் செய்யப் பழகியது. 1866-இல் லண்டனில் போர்ப்ஸ் வாட்சன் என்னும் அதிகாரி, இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டி 18 தொகுதிகளில் ஒட்டி வைத்தார். அத்தகைய 20 கட்டுகள் தயாராயின. அவற்றில் 13 பிரிட்டனிலேயே வைக்கப்பட்டன. 7 இந்தியாவுக்கு வந்தன. அங்குள்ள ஆலைக்காரர் இந்திய ஜனங்களின் ருசியைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப நெய்து இங்கே விற்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மாதிரியின் கீழே ஊர்ப்பெயர் இருக்கும், நீள அகலம் இருக்கும். நெய்தவன் பெயர் இராது. துணியைப் பார்த்துக் கற்றது குற்றமன்று. கற்றுக்கொடுத்தவனுக்குச் சந்தையின் கதவை அடைத்ததும், ஆட்சியின் பலத்தால் அவன் வீட்டு வாசலிலேயே அவனுடைய கோலத்தை விற்றதும் குற்றம்.

நம் சேலைகளில் உள்ள மாங்காய்ப் புட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாரசீகத்திலும் காசுமீரத்திலும் வளர்ந்த உருவம் அது. தமிழ்நாட்டுக்கு வந்து மாங்காய் ஆயிற்று. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரார் 19-ஆம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சால்வையைப் பார்த்து நெய்தனர். இன்று உலகமெங்கும் அவ்வுருவத்துக்குப் பெய்ஸ்லி என்றே பெயர். பார்த்து நெய்த ஊர் பெயரைக் கொண்டது; கொடுத்த நாடு பெயரை இழந்தது.

பெரியவரும் இதையேதான் சொன்னார் என்பது இப்பொழுது நமக்கு விளங்குகிறது. பேச்சின் முடிவில் அவர், "கோலத்தைக் கொண்டு போனதற்கு எனக்கு வருத்தமில்லை ஐயா, எடுக்கத்தான் செய்வார்கள். என் ஊர்ப் பேரையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டான்" என்றார்.

சட்டம் இதற்கு என்ன செய்திருக்கிறது? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லுவது நியாயமாகாது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அது வெளிப்படும் வடிவத்துக்கே உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகத்தையும் திரைப்படத்தையும் பற்றிய வழக்கில் தெளிவாகக் கூறிவிட்டது. நல்ல தீர்ப்பு. யாளிக்கு எவரும் வேலி போட முடியாது. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி புதிய வடிவத்தைப் பதிந்துகொண்டால் பத்து ஆண்டும், நீட்டித்தால் மேலும் ஐந்து ஆண்டும் காப்பு உண்டு. ஆனால் வாரக்கூலிக்கு நெய்பவர் வடிவத்தைப் பதிவதற்குள் படம் ஊரைக் கடந்துவிடும். 1985-இல் கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கிச் சட்டம் செய்தனர். தொடக்கத்தில் 22 வகை. பின்னர் 11 ஆகச் சுருக்கினர். காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைப் பொய்யாக இடுவோருக்குச் சிறைத் தண்டனை வரை அச்சட்டத்தில் இடமுண்டு. பட்டு என்று சான்று கூறும் முத்திரை 2004-இலும், கைத்தறி என்று சான்று கூறும் முத்திரை 2006-இலும் வந்தன.

முத்திரைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு முத்திரை இது பட்டு என்கிறது. ஒன்று இது கைத்தறி என்கிறது. ஒன்று ஊரின் பெயரைச் சொல்லுகிறது. நெய்தவர் யார், கரையின் வடிவம் யாருடையது, எதன் வழி வந்தது என்று சொல்ல எதுவுமில்லை. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் பட்டடக்கல்லில் அரசி கொடுத்த மரியாதை குண்டன் என்னும் தச்சனுக்குக் கிடைத்தது. பிள்ளையார்பாளையத்தில் அது இல்லை.

ஆகவே நாம் சொல்லுவது இது. புடவைக்கும் பாயிரம் வேண்டும். நன்னூலார் சொன்ன எட்டும் வேண்டுவதில்லை. கேட்போர் கடையில் உட்கார்ந்திருக்கிறார், பயன் கலியாணத்தில் தெரியும். நெய்தவர் பெயர், வடிவத்தின் வழி, நெய்த எல்லை, வடிவத்தின் பெயர், யாப்பு ஆகிய ஐந்து போதும். யாப்பு என்றது கோர்வையா அல்லவா, கைத்தறியா விசைத்தறியா, சரிகை எத்தகையது என்பதை. ஒரு சிறு சீட்டில் அடங்கும். கூட்டுறவுச் சங்கங்கள் இதை நாளையே தொடங்கலாம். சர்க்காரின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. "சுதேசி" என்று சொல்லிக்கொண்டு சேலை வாங்கும் நம் நண்பர்கள் இந்தச் சீட்டைக் கேட்டு வாங்கட்டும். பொய்ச் சீட்டு ஒட்டுவோர் மீது வழக்குத் தொடுக்கும் செலவைச் சர்க்கார் ஏற்கட்டும். தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு நீதிமன்றப் படியேற முடியாது என்பது நாம் தொழிலில் கண்டறிந்த விஷயம்.

வியாபாரிகள் சிலர், விசைத்தறியில் வேலை செய்வோரும் ஏழைகளே, அவர்கள் சோற்றில் மண்ணிடலாமா என்று கேட்பர். விசைத்தறி நெசவாளரும் நம்மவரே. அவர் அன்னத்தை நெய்யட்டும், யாளியை நெய்யட்டும். இது விசைத்தறித் துணி, இன்ன ஊரில் நெய்தது, வடிவம் காஞ்சி வழி என்று சீட்டில் எழுதி விற்கட்டும். விலை குறைந்த சேலை வேண்டுவோர் நாட்டில் பலர்; அவர்களுக்கு அது வேண்டும். மறைப்பதில்தான் நமக்கு வழக்கு.

மற்றொரு கூட்டத்தார், காஞ்சி வடிவங்களை வேறு எவரும் தொடலாகாது, காஞ்சியாரும் பழைய வடிவங்களைத் தவிர வேறொன்றும் நெய்யலாகாது என்று தடைவிதிக்கச் சொல்லுகின்றனர். அன்பினால் சொல்லுகின்றனர். ஆனால் அவ்விதி ராஜசிம்மன் காலத்தில் இருந்திருந்தால் கற்றளி இல்லை. ஜக்கார்டு வந்த காலத்தில் இருந்திருந்தால், நூல்முடிச்சுகளில் கோலத்தைக் கட்டி வைத்து ஆளை வைத்து இழுத்த பழைய அடையோடு தறி நின்றிருக்கும். பெரியவரின் யாளியும் தூணை விட்டு இறங்கியிராது. நெசவாளர் பிள்ளைகள் தறியை விட்டுத் தொழிற்சாலைகளுக்குச் செல்லுகிறார்கள் என்று வருந்துகிறோம். கூலி குறைவு என்பது முதற் காரணம். அதை வேறொரு நாள் எழுதுவோம். புதிதாகத் தான் செய்த ஒன்றைத் தன் பெயரால் வழங்க வழியில்லை என்பதும் ஒரு காரணம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மீண்டும் ஒரு முறை காஞ்சிக்குச் சென்று, எழுதியதைப் பெரியவருக்குப் படித்துக் காட்டினோம். தண்டியைப் பற்றிய இடத்தில் அவருக்குச் சிறிது தூக்கம் வந்தது. குண்டனைப் பற்றிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். படித்து முடித்ததும் உள்ளே சென்று ஒரு கட்டத்தாளை எடுத்துவந்து விரித்தார். அடுத்த சேலைக்கான கரை. புள்ளியும் சுழியுமாக இருந்தது. யாளியும் இல்லை, அன்னமும் இல்லை. பேத்தி மார்கழியில் வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து எழுதியது என்றார். அவள் அதைத் தன் பள்ளித் தோழியிடமிருந்து கற்றாளாம்.

"அந்தச் சீட்டில் அவள் பெயரையும் போடலாமா, ஐயா?" என்று கேட்டார்.

போடலாம் என்றோம். தோழியின் பெயரையும் போட வேண்டும் என்றோம். அவர் உடனே பேத்தியைக் கூப்பிட்டு அத்தோழியின் பெயரைக் கேட்டுக் கட்டத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். சீட்டு எப்பொழுது அச்சாகும் என்று நம்மைக் கேட்டார்.